லூயிஸ் அமைப்பு வரைய எது நல்லது: கழித்தல் சூத்திரமா, படிப்படியான கணக்கா?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு லூயிஸ் அமைப்புகளை (மூலக்கூறின் பிணைப்புகளையும் மற்ற வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் காட்டும் படங்களை) முதலில் கழித்தல் சூத்திரத்தின் வழியாகவே கற்பித்து வந்த நான், இப்போது முறைசார் மின்சுமையோடு (படத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் கணக்கிடும் மின்சுமையோடு) முடியும் படிப்படியான முறைக்கு மாறிவிட்டேன்.

கழித்தல் சூத்திரம் எளிது. எல்லா அணுக்களும் எண்ம நிலையை, அதாவது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை, அடையத் தேவையான எலக்ட்ரான்களிலிருந்து, கையிலுள்ள இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் பிணைப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடுக்குத் தேவை 24, இருப்பு 16. ஆகவே 4 பிணைப்புகள். படிப்படியான முறையிலோ அணுக்களை ஒற்றைப் பிணைப்புகளால் இணைத்து, ஓர அணுக்களை முதலில் நிரப்பி, எஞ்சியவற்றை மைய அணுவில் வைத்து, அது எண்மத்தை எட்டாவிட்டால் இரட்டைப் பிணைப்பு போட்டுப் பார்க்க வேண்டும். நேரம் கூடுதலாகவே ஆகும்.

இருந்தும் நான் மாறியதற்குக் காரணம், போட்ட விடை தவறானால் அதை மாணவரே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான். நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். சூத்திரம் 4 பிணைப்புகள் என்று சொல்லிவிடும். ஆனால் நடுவில் நிற்பது நைட்ரஜனா ஆக்சிஜனா என்று சொல்லாது. ஓர் அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து, அதன் தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான்களையும் பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழித்தால் முறைசார் மின்சுமை வரும். ஆக்சிஜனை நடுவில் வைத்து இருபுறமும் இரட்டைப் பிணைப்பு வரைந்தால் அதன் மீது +2 விழுகிறது. எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்த அணுவின் மீது இவ்வளவு நேர்மின்சுமை பொருந்தாது என்பதை மாணவர் உடனே உணர்கிறார். நைட்ரஜனை நடுவில் வைத்து, ஓர நைட்ரஜனுடன் முப்பிணைப்பும் ஆக்சிஜனுடன் ஒற்றைப் பிணைப்பும் வரைந்தால், ஓர நைட்ரஜன், நடு நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற வரிசையில் 0, +1, −1. இருபுறமும் இரட்டைப் பிணைப்பு வரைந்தால் −1, +1, 0. இவ்விரண்டுமே ஏற்கத்தக்க உடனிசைவு அமைப்புகள், அதாவது உண்மை மூலக்கூறு இவற்றின் கலவை. எதிர்மின்சுமை ஆக்சிஜன் மீது அமைவதால் முதலாவதன் பங்கு அதிகம்.

எண்ம விதி பொருந்தாத இடங்களில் சூத்திரம் தடுமாறுகிறது. போரான் டிரைஃப்ளூரைடுக்கு அது 4 பிணைப்புகளைத் தருவதால், ஒரு ஃப்ளூரின் மீது +1 விழும் இரட்டைப் பிணைப்பை மாணவர்கள் தயங்காமல் வரைந்துவிடுகிறார்கள். சல்ஃபர் டெட்ராஃப்ளூரைடில் 40லிருந்து 34 போக 3 பிணைப்புகள்தாம் கிடைக்கின்றன. நான்கு ஃப்ளூரின்களை அவற்றால் இணைக்கவே முடியாது. படிப்படியான முறையில் எஞ்சும் 2 எலக்ட்ரான்கள் சல்ஃபர் மீது தனித்த இரட்டையாக அமர்ந்து, எல்லா அணுக்களின் மின்சுமையும் சுழியமாகிறது.

நுழைவுத் தேர்வின் அவசரத்தில் சூத்திரம் முந்தக்கூடும். என் மாணவர்கள் சிலரே என்பதால் அதை உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். சல்ஃபேட் அயனியிலோ என் முறையும் முடிவு தருவதில்லை. நான்கும் ஒற்றைப் பிணைப்புகளானால் சல்ஃபர் மீது +2, இரண்டை இரட்டையாக்கினால் சுழியம். எண்மத்தைப் பெரிதாகக் கொள்வோர் முன்னதையும், குறைந்த மின்சுமையைப் பெரிதாகக் கொள்வோர் பின்னதையும் வரைகிறார்கள். அங்கே இரண்டையும் மின்சுமைகளோடு எழுதிக் காட்டிவிட்டு, தேர்வில் பாடநூலில் உள்ளபடி வரையச் சொல்கிறேன்.