ஒரு படப்புத்தகம், ஆறு பிள்ளைகள், துருப்பிடித்த இரண்டு பின்கள்

ராமநாதபுரத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் 90 ரூபாய்க்கு வாங்கிய 24 பக்கப் படப்புத்தகம் ஒன்றை, பாம்பன் தீவின் தென்கரையில் எங்கள் தெருவில் நடக்கும் மாலை வகுப்பில் இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நூலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே தரவில்லை. நான் கண்ட குறைகளைப் பதிப்பகத்துக்குத் தனியே எழுதியிருக்கிறேன்; அவர்கள் பதில் சொல்வதற்கு முன் பெயர் சொல்லிக் குறை கூறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் சரளமாக வாசிக்கவும், வாசித்ததைப் புரிந்துகொள்ளவும் ஒரு படப்புத்தகம் எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் காலை வாருகிறது என்பதுதான் இங்கே பேச்சு; கடையில் வேறொரு நூலைக் கையில் எடுப்பவருக்கும் அது பயன்படும்.

கதை மிகச் சிறியது. ஒரு சிறுமி தூக்குச்சட்டியில் சோற்றோடு கரையில் அமர்ந்து, கடலுக்குப் போன தாத்தாவுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு நண்டு வருகிறது, ஒரு நாய் வருகிறது, மழை வருகிறது, கடைசிப் பக்கத்தில் தாத்தாவும் வருகிறார். ஏறத்தாழ எல்லாப் பக்கத்தின் அடியிலும் “தாத்தா இன்னும் வரவில்லை” என்ற ஒரே வரி திரும்ப வருகிறது. வகுப்பில் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஒரு பிரதியை ஆறு பேர் சுற்றி அமர்ந்து பார்த்தால் இருவருக்குப் படம் தலைகீழாகத் தெரியும் என்பதை முதல் மாலையே கண்டுகொண்டு இரண்டாவது பிரதியும் வாங்கினேன். வாங்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே இரண்டாக வாங்குவது நல்லது.

நூலின் முதல் சிறப்பு வரிகளை முறித்திருக்கும் விதம். “கரையில் ஒரு நண்டு” ஒரு வரி, “மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது” அடுத்த வரி என்று, மூச்சு நிற்க வேண்டிய இடத்தில் வரியும் நிற்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாது. வரி முறியும் இடத்தையே அது வாக்கியம் முறியும் இடமாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் அகலத்துக்குத் தக்கபடி கணினி முறித்துப் போட்ட வரிகளைக் கொண்ட வேறு நூல்களில் இதே பிள்ளைகள் “ஒரு” என்பதோடு நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, “நண்டு” என்று புதிதாகத் தொடங்குவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். இந்த நூலில் அது பெரும்பாலும் நடக்கவில்லை.

திரும்ப வரும் வரியைப் பற்றி எனக்குத் தொடக்கத்தில் சந்தேகம் இருந்தது. மூன்றாம் நாளே எல்லாரும் அதை ஒப்பித்தார்கள். அது வாசிப்பா, மனப்பாடமா என்று சொல்ல முடியவில்லை. அதனால் அந்த வரியின் மூன்று சொற்களையும் மூன்று அட்டைகளில் எழுதி, வரிசையை மாற்றித் தரையில் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் சரியாக எடுத்தார்கள். இருவர் “வரவில்லை” என்ற அட்டையைப் பார்த்து “இன்னும்” என்றார்கள். அந்த இருவருக்கு மட்டும் வரியின் கீழ் விரலை ஓட்டி வாசிக்கும் பழக்கத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டித்தேன். ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பதை 1979இல் சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஒரு கற்பித்தல் முறையாகவே எழுதிவைத்தார். ஒரே கதையைப் பத்து இரவு கேட்டு நச்சரிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்பதை அறியக் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை, காது போதும் என்பதைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனித்திருப்பார்கள். நம் வல்லின எழுத்துகள் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறுபவை. “கடல்” என்பதில் வரும் ககரமும் “சங்கு” என்பதில் வரும் ககரமும் ஒன்றல்ல. எங்கள் இரண்டாம் வகுப்புச் சிறுமி நண்டுப் பக்கத்தை முதலில் வாசித்தபோது “நண்... ட்டு” என்று டகரத்தை அழுத்தி, வல்லெழுத்தாகவே உச்சரித்தாள். ஒரு நொடி நின்றாள். கண் படத்துக்குப் போனது. பிறகு “நண்டு!” என்று சொன்னபோது அந்த டகரம் தானாக மெலிந்திருந்தது. எழுத்துகள் சொல்லாக மாறிய கணம் அது. படம் எழுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பார்வை அவ்வளவு விரைவாகப் போய்த் திரும்பியிருக்காது. இந்த நூலில் சொல்லும் அதன் படமும் ஒரே பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஓவியரும் எழுத்தாளரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் மோதும் இடம். “காற்று” என்று அச்சிட்டிருப்பதை ஆறு பேரில் ஐந்து பேர் “காத்து” என்றே வாசித்தார்கள்; “மழை” எங்கள் பக்கத்து நாக்கில் “மளை” ஆகிவிடும். இவற்றை நான் அந்த இடத்திலேயே திருத்துவதில்லை, ஏனென்றால் “காற்று” என்ற எழுத்துகளைப் பார்த்துக் “காத்து” என்று சொல்லும் பிள்ளை எழுத்தையும் வாசித்துவிட்டது, பொருளையும் பிடித்துவிட்டது. ஆனால் “கடற்செடி” என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒருத்தி தடுமாறி, படத்தைப் பார்த்து, “பாசி” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பாயி முழங்கால் தண்ணீரிலும் கழுத்தளவுத் தண்ணீரிலும் நின்று பாசி எடுப்பவர். அவளுக்குப் பொருள் தெரியும், எழுத்துதான் தெரியவில்லை. முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, “பாசி என்றால் இங்கே என்ன எழுத்து இருக்க வேண்டும்?” என்று கேட்டேன். “பா” என்றாள், பிறகு சிரித்துவிட்டாள். கடலோரப் பிள்ளைகளுக்கான கதையில் “பாசி” என்றே எழுதியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நூலின் நடுவில் உள்ள 12, 13ஆம் பக்கங்களுக்கு வருகிறேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம், எழுத்தே கிடையாது. சிறுமி கடலைப் பார்த்து நிற்கிறாள். பறவைகள் கடலிலிருந்து கரையை நோக்கிப் பறக்கின்றன. கொடியில் காயும் சேலை நிலத்தின் பக்கமாக விரிந்து அடிக்கிறது. இடது மூலையில், சிறியதாக, ஒரு பெண் குனிந்து ஏதோ செய்கிறாள். இந்தப் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு மாலை முழுவதும் போய்விட்டது.

வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கிய பையன், மூன்றாம் வகுப்பு, “க”வுக்கும் “சு”வுக்கும் இன்னும் தயங்குபவன். வழக்கமாகக் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து இருப்பவன் அன்றைக்கு முழங்காலில் முன்னே வந்தான். “அக்கா, கருவாட்ட அள்ளுறாக” என்றான். அதுவரை அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. “ஏன் அள்ளுகிறார்கள்?” என்று கேட்டதற்கு, “மளை வருதுல்ல” என்றான், இதுகூடத் தெரியாதா என்ற தொனியில். சேலை அடிக்கும் பக்கத்தைக் காட்டிக் காற்று கடலிலிருந்து வருகிறது என்றான். பறவைகளைக் காட்டினான். மழை என்ற சொல் நூலில் 16ஆம் பக்கத்தில்தான் முதல் முறையாக வருகிறது. அவன் நான்கு பக்கம் முன்பாகவே அதை வாசித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் முக்கியமானது. 14ஆம் பக்கத்தில் “அம்மா வேகமாக ஓடி வந்தாள். கூடையை எடுத்தாள்.” என்று இரண்டு வாக்கியங்கள் உள்ளன. முந்தைய நாள் அவன் இதை ஒவ்வோர் எழுத்தாக இழுத்து, நடுவில் இரண்டு முறை என் முகத்தைப் பார்த்துத்தான் முடித்தான். இன்று, எதற்காக ஓடுகிறாள் என்பது தெரிந்த பிறகு, “வேகமாக” என்பதில் ஒரு தடுமாற்றம் தவிர மற்றதை ஓட்டமாகவே வாசித்தான்; “எடுத்தாள்” என்பதில் குரல் இறங்கி நின்றது. முதலில் சரளம், பிறகு புரிதல் என்ற வரிசையில்தான் நாங்கள் பயிற்சிகளில் கேட்டு வந்திருக்கிறோம். அன்றைக்குப் புரிதல் முன்னே போய்ச் சரளத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று, இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. இந்தப் பையனிடம் இரண்டாவது எண் பெரியது என்பதை எழுத்தில்லாத ஒரு பக்கம்தான் எனக்குக் காட்டியது. 90 ரூபாயில் 80 ரூபாயை அந்த இரண்டு பக்கத்துக்கே கொடுக்கலாம்.

வேகத்தை அளந்தும் பார்த்தேன். பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் இந்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் தமிழில் “எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்” என்பதும் ஒரு சொல், “நாய்” என்பதும் ஒரு சொல். கைபேசியில் நேரம் வைத்துச் சொல்லை எண்ணும்போது, எந்தப் பக்கத்தைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பிள்ளைக்கு இரண்டு விதமான எண்கள் வந்தன. அந்த எண்ணை நான் குறித்துவைப்பதோடு சரி, பெற்றோரிடம் சொல்வதில்லை.

குறைகளில் பெரியது, மேலே சொன்ன அந்த நீளமான சொல் 9ஆம் பக்கத்தில் வரியின் முடிவில் இரண்டாக உடைந்து கிடப்பது. “எதிர்பார்த்துக்கொண்” என்று ஒரு வரி முடிந்து, “டிருந்தாள்” என்று அடுத்த வரி தொடங்குகிறது. ஆறு பேரும் அங்கே விழுந்தார்கள். மற்றப் பக்கங்களில் வரியை அவ்வளவு கருத்தோடு முறித்தவர்கள் இங்கே எப்படிக் கண் அயர்ந்தார்கள் என்று தெரியவில்லை. “காத்திருந்தாள்” என்று எழுதியிருந்தால் சொல்லும் எளிது, வரியும் நிறைந்திருக்கும். கடல் நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தில் அச்சிட்ட மூன்று பக்கங்கள் பகலில் அழகாக இருக்கின்றன; மாலையில், ஒற்றைக் குழல் விளக்கின் அடியில், பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்துவிடுகிறது.

கடைசிப் பக்கத்தில் அந்தி வெயிலில் தாத்தா தனியாகக் கட்டுமரத்தில் வருவதை ஒரு பிள்ளையும் ஏற்கவில்லை. “எங்க தாத்தா வள்ளத்துல காலையிலதான வருவாக” என்று ஒருவன் சொல்ல, சாயங்காலம் வருபவர் மீன் பாடு இல்லாமல் பாதியில் திரும்பியிருப்பார் என்று இன்னொருத்தி விளக்கம் சொன்னாள். ஓவியரின் பிழையால் ஒரு நல்ல உரையாடல் கிடைத்தது என்பது உண்மை, பிழை பிழைதான். பின் அட்டையில் உள்ள ஐந்து கேள்விகள் எதற்கும் உதவாதவை. “சிறுமி யாருக்காகக் காத்திருந்தாள்?” என்ற கேள்விக்கு விடை ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது. அந்தக் கேள்விகளை நான் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, “சோறு ஆறியிருக்குமா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டேன், அதற்குப் பதில் சொல்லக் கதையில் எத்தனை நேரம் கழிந்தது என்று பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

பணம் செலவிட முடியாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன, தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழகப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வழங்கும் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரிக்கப்பட்டவை. இந்த நூலை அந்த வரிசையில் வைத்தால் “நட” என்பதன் தொடக்கத்தில் வைப்பேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு இது சரியான அளவு.

கடைசியாகக் கட்டுமானம். நூல் இரண்டு இரும்புப் பின்களால் நடுவில் தைக்கப்பட்டது. எங்கள் உப்புக் காற்றுக்கு அது ஒரு மாதம் தாங்கியது. பிறகு பின்கள் துருவேறி, அந்த அருமையான 12, 13ஆம் பக்கங்களின் நடுவே, சரியாகக் கடலின் மேல், இரண்டு பழுப்புக் கறைகள் படிந்து, தாள் கழன்றுவிட்டது. கருவாட்டைக் கண்டுபிடித்த பையன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், அவனுடைய அப்பா பின்களைப் பிடுங்கிவிட்டுத் தங்கூசி என்னும் மீன்வலை நைலான் நரம்பால் தைத்துக் கொடுத்தார். முடிச்சு வலை முடிச்சு. இப்போது நூல் முன்பைவிட நன்றாக விரிகிறது.