பாறையா, கணினியா: நமக்குப் பின் எது பேசும்?

கோத்தகிரி டீக்கடையில் மழைநாள் பேச்சு இப்படித் திரும்பியது: மனிதரே இல்லாமல் போனால் நம் கதையும் பாட்டும் எதில் தங்கும்? ஆளுக்கொரு கட்சி. பாறை, கணினி இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தேன்.

செலவு: பாறைக்கு ஒருமுறை உழைப்பு. கணினிக்கு என்றைக்கும் கரண்ட் பில்.

ஆயுள்: கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர் பாறை ஓவியங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிற்கின்றன. (பெயர் கிறுக்கும் சுற்றுலாக்காரர்கள்தான் எமன்.) ஹார்டு டிஸ்க் பத்து வருஷம் தாண்டினாலே பெரிசு. பைக்காரா நீர்மின் நிலையத்தில் டர்பைன் நின்றால் அதுவும் வெறும் தகரம்.

தானாக வளருமா: சிக்கலே இங்கேதான். கருத்தும் மரபணுபோலப் படியெடுக்கப்பட்டு, மாறி, வடிகட்டப்படும் என்று சொல்லி 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'மீம்' என்ற சொல்லை உருவாக்கினார். படியெடுக்க ஒரு தலை வேண்டுமே! பாறைக்கு அது இல்லை. கணினி படியெடுக்கும், மாற்றவும் செய்யும். ஆனால் மொழி மாதிரிகளுக்கு (சாட்ஜிபிடி மாதிரி எழுதும் ஏ.ஐ.களின் மூளை) அவை எழுதியதையே திரும்பத் திரும்ப ஊட்டினால், அரிதானவை முதலில் மறைந்து கடைசியில் உளறல் மிஞ்சும் என 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. என் கணக்கில் நம் நீலகிரிப் பழங்குடியான தோடரின் பாட்டு அங்கே முதல் பலி.

கூன்முதுகுத் திமிங்கலங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று பாட்டுக் கற்று மாற்றுகின்றன. அவற்றுக்கு நம் தயவே வேண்டாம்.

அடையாளம் மிஞ்சினால் போதும் என்பவருக்குப் பாறை. கருத்து நம்மை விட்டு ஓடி உருமாற வேண்டும் என்பவருக்குக் கணினி, அதுவும் தன் மின்சாரத்தையும் உதிரிபாகத்தையும் தானே பார்த்துக்கொள்ளும் காலம் வந்தால். என் ஓட்டு பாறைக்கு.