டிக்கெட்டின் படத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்

சென்ற மாதம் ஓர் இசை நிகழ்ச்சிக்காக மூன்று டிக்கெட்டுகளைப் பாதி விலைக்கு வாங்கினேன். அரங்கின் நுழைவாயிலில் நின்றபோதுதான் அவை செல்லாது என்று தெரிந்தது. கொடுத்த பணம் இதுவரை திரும்பவில்லை. திரும்பும் என்ற எதிர்பார்ப்பும் எனக்கு இல்லை. மலிவாகவோ இலவசமாகவோ டிக்கெட் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பாமல் இருந்தால் போதும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த நிகழ்ச்சியில் பாடவிருந்தவர், அம்மா தன் இளம் வயது முதல் கேட்டுவரும் பாடகர். அவரை நேரில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விற்பனை தொடங்கிய நாளில் நானும் தங்கையும் இரண்டு கணினிகளில் இணையவரிசையில் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது மிஞ்சியிருந்தவை எங்களுக்குக் கட்டுப்படியாகாத முன்வரிசை இருக்கைகள் மட்டுமே. அன்று இரவிலிருந்து மலிவான டிக்கெட் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கண்ணில் பட்டது ஓர் இலவச டிக்கெட் அறிவிப்பு. பாடகரின் சமூக ஊடகப் பக்கத்தில் இருக்கும் அதே படம், அதே பெயர். பெயரின் நடுவில் ஒரே ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். ஒரு வரி கருத்து எழுதிய சில நிமிடங்களில் நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. டிக்கெட்டை அனுப்பி வைப்பதற்கான செலவாக மிகச் சிறிய தொகையை மட்டும் அட்டை மூலம் செலுத்த வேண்டும் என்றார்கள். அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது தங்கை எட்டிப் பார்த்து, "சும்மா குடுக்கறவங்களுக்கு உங்க கார்டு நம்பர் எதுக்குண்ணா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியால் அன்று தப்பித்தேன். இத்தகைய பக்கங்கள் கேட்கும் சிறு தொகை ஒரு சாக்குதான். அவர்களுக்கு வேண்டியது அட்டையின் விவரங்கள். அவற்றைக் கொடுத்த பின் பெரிய தொகைகள் போகலாம், அல்லது நாம் கேட்டறியாத ஏதோ ஒரு சேவைக்கு மாதச் சந்தா பிடிக்கப்படலாம்.

ஆனால் அந்தத் தப்பித்தல் எனக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மோசடியை அடையாளம் கண்டுவிட்டோம், ஆகவே அடுத்ததும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற தைரியம் வந்துவிட்டது. அடுத்து வந்தவரோ முதலில் பார்த்த பக்கத்தைப் போல எதையும் இலவசம் என்று சொல்லவில்லை. சாதாரண மனிதரைப் போலப் பேசினார்.

ரசிகர்கள் கூடும் ஒரு குழுவில், "மூன்று டிக்கெட் வேண்டும், யாரிடமாவது இருக்கிறதா?" என்று நான் எழுதியிருந்தேன். அரைமணி நேரத்துக்குள் ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். அவருடைய கணக்கு பத்து ஆண்டுப் பழையது. குழந்தைகளின் பிறந்தநாள் படங்கள், நண்பர்களின் வாழ்த்துகள் எல்லாம் அதில் இருந்தன. "அவசரமா ஊருக்குப் போகவேண்டியிருக்கு அண்ணா, காசு மொத்தமா வீணாப் போறதுக்குப் பாதியாவது வரட்டும்னுதான் கேக்கறேன்" என்றார். பதினான்காம் வரிசை, 22, 23, 24 ஆகிய இருக்கைகள். கியூஆர் குறியீட்டோடு கூடிய டிக்கெட்டின் படத்தையும், பணம் செலுத்தியதை உறுதிசெய்யும் மின்னஞ்சலின் படத்தையும், நான் கேட்காமலேயே தன் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். திருடப்பட்ட கணக்கில் பழைய படங்கள் அப்படியே இருக்கும் என்பதும், அடையாள அட்டை அவரிடம் முன்பு ஏமாந்த வேறொருவருடையதாக இருக்கக்கூடும் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் ஒரே ஒரு சரியான கேள்வியைக் கேட்டேன்: டிக்கெட் விற்ற நிறுவனத்தின் செயலி வழியாகவே என் பெயருக்கு மாற்றித் தர முடியுமா? "டிரான்ஸ்ஃபர் நிகழ்ச்சிக்கு முந்தின நாள்தான் ஓப்பன் ஆகும் அண்ணா, ஓப்பன் ஆனதும் மாத்தி விட்டுடறேன்" என்றார். நான் விழுந்த இடம் இதுதான். ஏனென்றால் அவர் சொன்னது பல நிகழ்ச்சிகளுக்கு உண்மையாகவே பொருந்தும். கள்ளச்சந்தையைத் தடுப்பதற்காகப் பெயர் மாற்றத்தை நிகழ்ச்சி நெருங்கும் வரை பூட்டி வைக்கும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. எங்கோ படித்திருந்த உண்மை ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததால், அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பினேன். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள் என்றதும், அவர் கேட்ட வழியிலேயே நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். பெயர் மாற்றம் திறக்கும் என்று சொன்ன நாளில் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. பயணத்தில் இருப்பார், படம்தான் கையில் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நிகழ்ச்சி நாளன்று அம்மா வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். உள்ளே கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தனியாகவே போய் உட்கார்ந்துகொள்வதற்காகவாம். வாசலில் இருந்த இளைஞர் என் கைப்பேசியில் இருந்த முதல் குறியீட்டின் மேல் ஸ்கேனரை வைத்தார், திரை சிவப்பாயிற்று. கைப்பேசியின் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி மறுபடியும் வைத்தார், மறுபடியும் சிவப்பு. அவர் அந்தக் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே இருக்கைக்கு 5.42 மணிக்கே ஆள் உள்ளே சென்றுவிட்டதாக அதில் இருந்தது. அப்போது மணி 6.20. "சார், தப்பா நினைக்காதீங்க, இன்னைக்கு மட்டும் இதே படத்தோட வர்ற நாலாவது ஆள் நீங்க" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. உதவி மேசைக்கு அனுப்பினார். அங்கே ஏற்கெனவே ஓர் இளம் தம்பதியர் அதே பதினான்காம் வரிசையின் படத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் பதிவேட்டில் எங்கள் யாருடைய பெயரும் இல்லை என்று சொன்னார். அம்மா எதுவும் பேசாமல் அந்தத் துண்டுத் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு மதிலுக்கு வெளியே மெல்லக் கேட்டது. "இதாவது கேட்டுட்டுப் போலாம்பா" என்றார். நின்று கேட்டோம்.

உதவி மேசைப் பெண் சொன்ன "பதிவேட்டில்" என்ற சொல்லின் பொருள் எனக்கு வீடு வந்த பிறகே முழுமையாகப் புரிந்தது. டிக்கெட் என்பது இன்று ஒரு தாளோ படமோ கிடையாது. விற்ற நிறுவனத்தின் கணக்கேட்டில் இந்த இருக்கை இன்னாருக்கு என்று இருக்கும் ஒரு பதிவு. கியூஆர் குறியீடு அந்தப் பதிவைச் சுட்டும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஒரே குறியீட்டை ஆயிரம் படங்களாக எடுத்து ஆயிரம் பேருக்கு விற்கலாம். முதலில் வாசலுக்கு வருபவர் உள்ளே போவார், மற்ற 999 பேரும் வெளியே நிற்பார்கள். பிடிஎஃப் கோப்பும் அப்படியே. இதைத் தடுப்பதற்காகவே 2019 முதல் பெரிய விற்பனை நிறுவனங்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் குறியீடுகளைக் கொண்டுவந்தன. அத்தகைய குறியீட்டைப் படம் எடுத்தால் அந்தப் படம் சற்று நேரத்திலேயே பயனற்றுப் போகும். செயலி வழியாக முறையாகப் பெயர் மாற்றும்போதோ பழைய குறியீடு செத்துவிடுகிறது, வாங்குபவரின் கணக்கில் புதிய குறியீடு பிறக்கிறது. ஆகவே உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குள் டிக்கெட் வந்து சேராத வரை, உங்களிடம் இருப்பது வெறும் படம். மாற்றம் இன்னும் திறக்கவில்லை என்று விற்பவர் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், திறக்கும் நாள் வரை பணமும் உங்களிடமே இருக்கட்டும்.

டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் அதன் படத்தைப் பொதுவெளியில் பதிவிடுபவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குறியீடு மாறாத டிக்கெட்டாக இருந்தால், அந்தப் படமே திருடர்களுக்குச் சரக்கு. உங்கள் இருக்கைக்கு உங்களுக்கு முன்பே வேறொருவர் உள்ளே போய்விடலாம். எங்கள் பதினான்காம் வரிசையின் படமும் அப்படி எடுக்கப்பட்டதாக இருக்கலாம் என்று உதவி மேசையில் சொன்னார்கள்.

இவ்வளவு பேர் ஏன் இப்படி அந்நியர்களிடம் டிக்கெட் தேடி அலைகிறோம் என்றும் யோசித்துப் பார்த்தேன். விற்பனை தொடங்கிய கணத்திலேயே பாட்கள் எனப்படும் தானியங்கி மென்பொருள்கள் புகுந்து இருக்கைகளை அள்ளிக்கொள்கின்றன. அதைத் தடை செய்ய அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் சுற்றுப்பயணத்துக்கான முன்விற்பனையில், ரசிகர்களும் பாட்களும் சேர்ந்து தளத்துக்கு 350 கோடி கோரிக்கைகளை அனுப்பியதாக விற்பனை நிறுவனமே அறிவித்தது. பொது விற்பனை ரத்தாயிற்று. இப்படி ஏங்கி நிற்பவர்களின் அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் அறுவடை செய்கிறார்கள். பெயர் தெரியாத தனிமனிதர்கள் மட்டும் இதைச் செய்வதில்லை. அதிகாரபூர்வ விற்பனையாளர் போலத் தோற்றம் காட்டியதற்காகவும், டிக்கெட் தீரப்போகிறது என்று தவறான எண்ணத்தை உண்டாக்கியதற்காகவும் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2020இல் ஒரு பன்னாட்டு மறுவிற்பனைத் தளத்துக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆகவே தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காமல், பாடகரின் அல்லது அரங்கின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருந்து செல்லும் இணைப்பை மட்டும் பின்தொடருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த பதில் சுருக்கமானது. நீங்களே விரும்பி அனுப்பிய தொகை, உங்கள் கணக்குக்குள் வேறு யாரும் புகவில்லை, எங்களால் திரும்பப் பெற்றுத் தர இயலாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கடன் அட்டையில் வாங்கியிருந்தால் சரக்கு வரவில்லை என்று தகராறு எழுப்ப ஒரு வழி இருந்திருக்கும். கட்டணச் சேவைகளில் நண்பர்களுக்கோ குடும்பத்தாருக்கோ அனுப்புவதாகக் குறிப்பிட்டு அனுப்பும் பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. கமிஷன் மிச்சமாகும் என்று சொல்லி அந்த வழியை விற்பவர் வற்புறுத்துவதன் காரணமே அதுதான். பரிசு அட்டை எண்ணையோ கிரிப்டோ நாணயத்தையோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. நான் ஏமாந்ததைக் குழுவில் எழுதிய அன்றே, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இருவர் செய்தி அனுப்பினார்கள். அதில் ஒருவர் தன்னைச் சட்ட ஆலோசகர் என்றார், முன்பணம் கேட்டார். ஏமாந்தவர்களின் வருத்தத்தை மோப்பம் பிடித்து வருபவர்கள் இவர்கள். ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். புகாரைக் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் வங்கியிலும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள், அதுவும் அன்றே கொடுங்கள்.

மலிவான டிக்கெட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை; அவை கிடைக்கும் இடங்கள் வேறு என்பதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். மேடை அமைப்புக்காக ஒதுக்கி வைத்த இருக்கைகள் நிகழ்ச்சிக்கு ஓரிரு நாள் முன்பு அதே அதிகாரபூர்வத் தளத்தில் சத்தமில்லாமல் விற்பனைக்கு வருவதுண்டு. அந்த நாள்களில் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போக முடியாத ரசிகர்கள் அசல் விலைக்கே திருப்பி விற்க விற்பனை நிறுவனமே வசதி செய்திருந்தால், அங்கே வாங்குவது பாதுகாப்பானது, ஏனெனில் அங்கே பெயர் மாற்றத்தை அவர்களே செய்கிறார்கள். தூண் மறைக்கும், பக்கவாட்டில் அமைந்த இருக்கைகள் விலை குறைவாக இருக்கும். பாட்டு கேட்கவே போகிறவர்களுக்கு அது போதும். அரங்கின் டிக்கெட் ஜன்னலில் நேரில் வாங்கினால் இணையக் கட்டணம் மிச்சமாகும் இடங்கள் உண்டு. லண்டனில் 1895இல் தொடங்கிய ப்ராம்ஸ் இசை விழாவில் நின்றுகொண்டு கேட்பவர்களுக்கான மலிவான டிக்கெட்டுகள் அந்தந்த நாளிலேயே விற்கப்படுகின்றன. இப்படியான ஏற்பாடு நீங்கள் போக நினைக்கும் அரங்கில் இருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் தன்னார்வலர்களை எடுக்கும் அரங்குகளில், அந்த வேலையைச் செய்துகொண்டே நிகழ்ச்சியை இலவசமாகக் கேட்க முடியும். தங்கை அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

அந்த விற்பனையாளர் என்னைத் தடை செய்துவிட்டதால் அவருடைய கணக்கை என்னால் பார்க்க முடியவில்லை. தங்கை தன் கைப்பேசியிலிருந்து நேற்று பார்த்துச் சொன்னாள். அந்தப் பிறந்தநாள் படங்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் நடக்கும் வேறொரு நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட்டுகள் பாதி விலைக்கு இருப்பதாகவும், அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். நாங்கள் இருவரும் புகார் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் இந்த நேரம் வரை அந்தப் பதிவு நீக்கப்படவில்லை.