தம்மாமா, தோகாவா?

அக்கா மகன் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து நாகர்கோவிலில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். ஒரே வாரத்தில் அவனுக்கு இரண்டு விசா வந்திருக்கிறது. சவுதியில் தம்மாம்: 1,800 ரியால், ரூம் கம்பெனி தரும், சாப்பாடு சொந்தச் செலவு. கத்தாரில் தோகா: அடிப்படைச் சம்பளம் 1,200, சாப்பாட்டுப் படி 500, ரூம் அங்கேயும் கம்பெனியுடையது.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுதானே மாமா, நூறு ரியால் கூடுதலா தர்ற இடத்துக்கே போறேன்" என்றான்.

நூறு இல்லை மக்கா. ஒரு டாலருக்கு சவுதி ரியால் 3.75, கத்தார் ரியால் 3.64. பெயர் ஒன்றானாலும் கத்தார் ரியால் கொஞ்சம் கனம். சவுதியின் 1,800 கத்தார் கணக்கில் 1,747தான். வித்தியாசம் 47.

அந்த 47 பலசரக்குக் கடையிலேயே கரையும். சவுதியில் 2018-இல் 5 சதவீதமாக வந்த வாட் வரி, 2020 ஜூலை முதல் 15 சதவீதம். மாதம் 400 ரியாலுக்கு அரிசி, மீன், ரீசார்ஜ் என்று வாங்கினால் அதில் 52 வரி. கத்தாரில் இந்த வரியே இல்லை. ஆனால் தோகாவில் பொருள் விலை பொதுவாகச் சற்றுக் கூடுதல். ஆகக் கைச்செலவில் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குத் திரும்பும்போது கிடைக்கும் சர்வீஸ் பணத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதை ஒருவரும் கேட்பதில்லை. சவுதியில் முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதன்பின் ஒரு மாதம். கத்தாரில் வருடத்துக்கு மூன்று வாரம், ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். நான்கு வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன்: தம்மாமில் 3,600, தோகாவில் 3,360. தம்மாம் முந்துகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒப்பந்தத்துக்கு நடுவில் இவனே ராஜினாமா செய்தால், இரண்டு முதல் ஐந்து வருட சர்வீஸுக்கு சவுதியில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 1,200. தோகாவில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகினால் முழுசும் வரும். நம்ம பையன் ஒரே இடத்தில் நாலு வருடம் தாக்குப்பிடிக்கிற ஆள் இல்லை என்பது அக்காவுக்கே தெரியும்.

கல்யாணம் ஆனபின் குடும்பத்தைக் கூட்டிப்போகும் கனவு இப்போதைக்கு இரண்டு இடத்திலும் வேண்டாம். சவுதியில் உடனிருக்கும் ஆள் ஒன்றுக்கு மாதம் 400 ரியால் கட்டணம். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 1,200 போய்விடும். கத்தாரில் குடும்ப விசாவுக்கே பல ஆயிரம் ரியால் சம்பளம் காட்ட வேண்டும்.

தொழில் தெரியாமல் கையாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2021 முதல் கத்தாரின் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். அதற்கு மேல் சாப்பாடும் தங்குமிடமும், இல்லையென்றால் சாப்பாட்டுக்கு 300-உம் தங்குமிடத்துக்கு 500-உம். ரிசர்வ் வங்கிக் கணக்கில் 2022-23-இல் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 22,000 ரூபாய் தாண்டும். அந்த வருடத்து மதிப்பில் 1,000 கத்தார் ரியாலும் அவ்வளவுதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்ட பஸ் டிக்கெட் போதும், ஏஜென்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியனுக்கு என் ஓட்டு தோகாவுக்கு. ஆனால் படியிலிருந்து 200-ஐ எடுத்து அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து, அதை 1,400 ஆக்கித் தருவார்களா என்று ஏஜென்டிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதே 1,700தான், ஆனால் நான்கு வருடத்தில் சர்வீஸ் பணம் 560 ரியால் கூடும். "அதெல்லாம் கேட்டா விசாவே போயிடும் மாமா" என்கிறான். திங்கட்கிழமை நானே கூடப் போகிறேன்.