பி.எல். விளக்கு மாற்றும் முன் சோக்கைப் பாருங்கள்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"அண்ணாச்சி, டவுன்லைட்டுக்கு ஒரு பி.எல். பல்பு குடுங்க" என்று எந்த எலெக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் பதிலுக்கு மூன்று கேள்வி வரும். எத்தனை வாட்டு? ரெண்டு பின்னா, நாலு பின்னா? சோக்கு பழைய இரும்புச் சோக்கா, எலக்ட்ரானிக்கா? (பி.எல். என்பது பின் வைத்த சி.எஃப்.எல். விளக்கு; டவுன்லைட் என்பது சீலிங்கில் பதித்த கிண்ண விளக்கு; சோக்கு என்பது விளக்குக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துவது.) எரிந்துபோன விளக்கைக் கையோடு கொண்டுபோனால் முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கான பதில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தூசியில் கிடக்கிறது. எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

கையில் இருப்பது என்னவென்று முதலில் பார்த்துக்கொள்வோம். விளக்கின் பிளாஸ்டிக் அடியில் ஓர் எண் இருக்கும்.

| அடி வகை | பின் | வழக்கமான வாட்டு | பெரும்பாலும் எங்கே |
|---|---|---|---|
| ஜி23 | 2 | 5, 7, 9, 11 | படிப்பு மேசை விளக்கு, கேட் தூண் விளக்கு |
| ஜி24டி-1, 2, 3 | 2 | 13, 18, 26 | கடை, மண்டப டவுன்லைட் |
| ஜி24க்யூ-1, 2, 3 | 4 | 13, 18, 26 | எலக்ட்ரானிக் சோக்கு உள்ள டவுன்லைட் |
| 2ஜி11 | 4 | 18, 24, 36, 55 | ஆபீஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டி |

ரெண்டு பின் விளக்கின் அடிக்குள்ளேயே ஸ்டார்ட்டர் இருக்கிறது. அது இரும்புச் சோக்குக்கானது. நாலு பின்னில் ஸ்டார்ட்டர் கிடையாது. எலக்ட்ரானிக் சோக்குதான் அதைப் பற்றவைக்கிறது. 1, 2, 3 என்ற கடைசி எண்ணுக்கு ஏற்ப அடியில் உள்ள காடி மாறும். 18 வாட்டை 26 வாட் ஹோல்டரில் செருக விடாமல் தடுப்பது அந்தக் காடிதான். அதை அரத்தால் ராவி நுழைப்பவர்கள் உண்டு. 26 வாட் சோக்கு ஏறக்குறைய 0.32 ஆம்பியர் தள்ளும். 18 வாட் விளக்குக்கு வேண்டியது 0.22 ஆம்பியர். மூன்றே மாதத்தில் விளக்கின் முனை கறுத்தால் விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சீலிங்கைப் பிரிக்காமலே சோக்கு வகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எரியும் பழைய விளக்கைப் போன் கேமராவில் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் இரும்புச் சோக்கு, ஓடாவிட்டால் எலக்ட்ரானிக். சுவிட்ச் போட்டதும் இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டு எரிவதும், மெல்ல ரீங்காரமிடுவதும் இரும்புச் சோக்கின் குணம்.

இனி உள்ள வழிகள் நான்கு.

அதே பி.எல். விளக்கையே திரும்பப் போடுவது

ஹோல்டரும் சோக்கும் நன்றாக இருந்து, விளக்கு எரியும் நேரமும் குறைவென்றால் இது ஒன்றும் முட்டாள்தனமில்லை. ஆண்டுக்கு அறுபது முகூர்த்தம், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று ஓடும் மண்டபத்தில் ஒரு விளக்கு எரிவது 600 மணி நேரம். 26 வாட் விளக்கு இரும்புச் சோக்கோடு சேர்ந்து 32 வாட் அளவுக்கு இழுக்கும். 9 வாட் எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால் 23 வாட் மிச்சம். அப்படியானால் ஆண்டுக்கு 14 யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு விளக்குக்கு 140 ரூபாய்க்குள்தான். எரிகிற விளக்கை இதற்காகக் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஆயுள் குறைவு. பாதரசம் உள்ளதால் பின் வைத்த சி.எஃப்.எல். விளக்குகள் ஐரோப்பியச் சந்தைக்குப் புதிதாக வருவது 2023 பிப்ரவரி 25-ஓடு நிறுத்தப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள் அதே ஆண்டில் கூடி, ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2027-க்குள் முடிவுகட்டத் தீர்மானித்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆக, இப்போது கடையில் கிடைப்பதில் பாதி பழைய சரக்காக இருக்கலாம். வாங்குமுன் அங்கேயே ஏற்றிக் காட்டச் சொல்வது நல்லது.

சோக்கைத் தொடாமல் எல்.இ.டி. செருகுவது

பழையதை உருவி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. வாடகைக் கடைக்கு இது பொருந்தும்; கட்டட உரிமையாளர் வயரிங்கில் கைவைக்க விடமாட்டார்.

ரெண்டு பின் எல்.இ.டி.யில் இரும்புச் சோக்கோடும் எரியும், சோக்கு இல்லாமல் நேராக 230 வோல்ட்டிலும் எரியும் என்று இரண்டையும் அட்டையில் அச்சிட்ட ரகம் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம். இன்றைக்குச் சோக்கோடு ஓடட்டும்; சோக்கு போகிற நாளில் அதைக் கழித்துவிட்டு அதே விளக்கை நேரடியாக எரியவிடலாம். சோக்கில்லாமல் நேராக 230 வோல்ட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டதைச் சோக்குள்ள ஹோல்டரில் செருகாதீர்கள். அணைக்கும்போது சோக்கு உதறும் அதிக வோல்ட்டேஜில் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) அடிபடும்.

நாலு பின்னில்தான் தலைவலி. எலக்ட்ரானிக் சோக்கு விளக்கின் இழையைச் சோதித்துப் பார்த்தே ஓட்டும். எல்.இ.டி.யில் இழை கிடையாது. இருப்பதுபோல் பாவனை செய்ய உள்ளே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அந்தப் பாவனை எல்லாச் சோக்கிடமும் எடுபடாது. ஒன்று சிமிட்டும், அல்லது சோக்கு அணைந்துவிடும். எந்தெந்தச் சோக்கோடு ஒத்துப்போகும் என்று கம்பெனி வெளியிடும் பட்டியலை உங்கள் சோக்கின் மாடல் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரே சோக்கில் இரண்டு விளக்கு ஓடுகிறதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று பழையது, ஒன்று எல்.இ.டி. என்றால் சோக்கு ஒத்துழைக்காது.

சோக்கைக் கழற்றிவிட்டு நேரடி எல்.இ.டி.

தினமும் பத்து மணி நேரம் எரியும் கடைக்கு எங்கள் வாக்கு இதற்குத்தான். திருநெல்வேலி டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ ஆண்டுக்கு 300 நாள் திறக்கும் கடை என்றால் 3,000 மணி நேரம், 69 யூனிட் மிச்சம். அதே 10 ரூபாய்க் கணக்கில் விளக்கு ஒன்றுக்கு 690 ரூபாய். பாளை ஐகிரவுண்டில் இரவுபகல் எரியும் நர்சிங் ஹோம் வராந்தா என்றால் 8,760 மணி நேரம், 201 யூனிட். சோக்கு போய்விடுமோ என்ற கவலையும் இல்லை.

வேலை சிறியதுதான், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கடைகளில் பாதி விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்; மெயினை அணைத்தாலும் அதில் கரண்ட் வரும். சோக்கின் இரு வயரையும் அறுத்துவிட்டு, ஃபேஸை நேராக ஹோல்டரின் ஒரு பக்கத்துக்கும் நியூட்ரலை மறுபக்கத்துக்கும் கனெக்டர் வைத்து இணைக்க வேண்டும். வெறும் முறுக்கும் டேப்பும் அந்தச் சூட்டில் நிற்காது. ஃபிட்டிங்கில் கெபாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். நாலு பின் விளக்கில் எந்தப் பின்னுக்கு எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விளக்கின் மேல் ஒட்டிய படத்தைப் பார்க்காமல் இணைத்தால் ஷார்ட் ஆகலாம்.

பத்து வருஷம் சூட்டில் வெந்த ஹோல்டர் மொறுமொறுவென்று இருக்கும். விரலால் அழுத்தி விரிசல் விட்டால் அதையும் மாற்றுங்கள். பின் தளர்ந்தால் தீப்பொறி, பிறகு கரி. விளக்கைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடிக்காமல் அடியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் குழாய் கையோடு வந்துவிடும்.

முடித்ததும் ஃபிட்டிங்கின் உட்புறத்தில் "சோக்கு இல்லை, எல்.இ.டி. மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். நாலு வருஷம் கழித்து வரும் வயரிங்காரருக்கு இது தெரியாது. சோக்கு இல்லாத ஹோல்டரில் பழைய பி.எல்.லைச் செருகினால் கரண்டைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல் இழை அறுந்துபோகும். சில நேரம் கண்ணாடியே தெறிக்கும்.

சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கினால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது, அல்லது சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் பல்பு இருக்கிறது என்று பொருள். விளக்கில் கோளாறு இல்லை.

வெளிச்சம் குறையுமா? 26 வாட் சி.எஃப்.எல். 1,800 லூமன், 9 வாட் எல்.இ.டி. பெரும்பாலும் ஆயிரத்துக்குள். பாதியாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் பழையது நாலு பக்கமும் சிதறி, கிண்ணத்துக்குள்ளேயே கொஞ்சம் தொலைத்துவிடும். எல்.இ.டி. கீழ்நோக்கி மட்டும் பாய்ச்சுகிறது, அதுவும் சரியான ரகத்தை வாங்கினால். ஹோல்டர் படுக்கையாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும், அடியைத் திருப்பிவைக்கும் வசதியுள்ள ரகம் வேண்டும். ஹோல்டர் செங்குத்தாகத் தொங்கினால் சுற்றிலும் ஒளிர்வது வேண்டும். மாற்றிப் போட்டால் பாதி வெளிச்சம் கிண்ணச் சுவருக்குப் போய்விடும். எல்.இ.டி. உடல் பழையதைவிடத் தடிமன் என்பதால் தாங்கு கிளிப்பின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஃபிட்டிங்கையே மாற்றுவது

2ஜி11 விளக்கு மூன்று போட்ட ஆபீஸ் பெட்டிகளுக்கு வேறு யோசனையே வேண்டாம். 36 வாட் வீதம் மூன்று என்றால் 108 வாட், சோக்கு தனி. அதே சதுரத்தில் 36 வாட் எல்.இ.டி. பேனல் அப்படியே உட்காரும்.

வட்ட டவுன்லைட்டில் துளையின் விட்டத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. பழைய துளை பெரிது, புதிய பேனல் சிறிது என்றால் ஜிப்சம் வேலைக்கும் பெயின்டுக்கும் கூலி சேரும். அங்கே மூன்றாவது வழிதான் மலிவு. ஆனால் கடலோரம் வேறு கணக்கு. உவரி, கூட்டப்புளி பக்கம் உப்புக்காற்றில் பின்னில் பச்சைக் களிம்பு ஏறும்; ஹோல்டருக்கு அங்கே ஆயுள் குறைவு. பின் இல்லாத, ஐ.பி.65 (தூசியும் தண்ணீரும் புகாதது) முத்திரையுள்ள மூடிய ஃபிட்டிங்தான் நிலைக்கும். வீட்டுக் கேட் தூணுக்கும் அதுவே. ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்த ஃபிட்டிங்கை எட்டிப் பார்த்தால் விளக்கைவிட ஈசல் இறகுதான் அதிகம் தெரியும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே சீலிங் போட்ட அறையில், அக்கினி நட்சத்திர நாட்களில் சீலிங்குக்கும் தளத்துக்கும் நடுவே வெந்துகிடக்கும். அட்டையில் தாங்கும் வெப்பம் 40 டிகிரி என்று போட்டதைவிட 45 டிகிரி போட்டதை எடுங்கள். மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் தளர்ந்தால் வோல்ட்டேஜ் 400 வரை ஏறி ஒரே இரவில் வரிசையாக எல்.இ.டி. போகும். விளக்கை மாற்றிக்கொண்டே இருக்காமல் மீட்டர் போர்டில் நியூட்ரல் ஜாயிண்டை இறுக்கச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் நிறத்தில் அவசரப்படாதீர்கள். 865 என்றால் 6500 கெல்வின் வெள்ளை, 840 என்றால் நடுத்தரம், 827 என்றால் மஞ்சள்; முதல் எண்ணான 8, நிறத்தை உள்ளபடி காட்டும் சி.ஆர்.ஐ. எண்பதுக்கு மேல் என்பதைச் சொல்கிறது. பட்டுச்சேலைக் கடையில் அரக்கும் குங்குமச் சிவப்பும் செத்துத் தெரியாமலிருக்க 90 வேண்டும். நகைக்கடை ஷோகேஸில் 12 வோல்ட் ஹாலஜன் இருந்த இடத்தில் 5 வாட் எல்.இ.டி. செருகிச் சிமிட்டினால், பழைய டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை போதவில்லை, எல்.இ.டி.க்கான டிரைவரை வையுங்கள்.

கழற்றிய பி.எல். விளக்குகளை உடைக்காமல் அட்டைப்பெட்டியில் நிறுத்திவைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்தி, சன்னலைத் திறந்து, கால்மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு விளக்குமாற்றைத் தொடாமல் தடித்த அட்டையால் சில்லுகளை வாரி, மீதித் தூளை ஒட்டு டேப்பில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிடுங்கள்.