குஞ்சத்து நூலை எரிச்சுக் காட்டி ஏமாத்துறாங்க: பட்டு ஸ்டோல், ஸ்கார்ஃப் வாங்குறவங்க கவனம்!

7,800 ரூபாய். டஸ்ஸர் பட்டு ஸ்டோல் (தோள்ல போடற மெல்லிய சால்வை) ஒண்ணு 4,900, மல்பெரி பட்டுல ட்வில் (சாய்வுக் கோடு தெரியற நெசவு) ஸ்கார்ஃப் ஒண்ணு 2,900. ரெண்டுமே சொன்ன சரக்கு இல்ல. கடை பேரைப் போடல. ஆன்லைன்ல மட்டும் விக்கிற, "நெசவாளர்கிட்ட இருந்து நேரடியா" வகைக் கடைன்னு புரிஞ்சுக்கோங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு வீடியோ அனுப்பினாங்க. ஸ்டோல்ல இருந்து ஒரு நூல் உருவி, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்தறாங்க. மெதுவா எரியுது, நெருப்பை எடுத்ததும் தானா அணையுது, கறுப்புச் சாம்பலை விரலால நசுக்கினா பொடியாகுது. பட்டு எரியற லட்சணம் அப்படியே இருக்கு. கூடவே அசல் பட்டுன்னு காட்டற சில்க் மார்க் அட்டை தொங்கற போட்டோ வேற. அந்த நிமிஷத்துல நம்பி முழுப் பணத்தையும் கட்டியாச்சு.

பார்சல்ல அந்த அட்டை இல்ல. ஸ்டோலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, நூல்ல இருக்கற முண்டு முடிச்செல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. டஸ்ஸர் காட்டுப் பட்டு. அந்த நூல் ஓரிடத்துல தடிச்சு ஓரிடத்துல மெலிஞ்சுதான் வரும், இப்படி அச்சு வச்ச மாதிரி வராது. பாவுல (நீளவாக்கு) ஒரு நூல், ஊடையில (குறுக்குவாக்கு) ஒரு நூல் தனித்தனியா உருவிக் கொளுத்தினப்போதான் விஷயம் வெளிய வந்தது. பாவு நூல் நெருப்பு கிட்ட போனதுமே சுருண்டு உருகி, நசுக்க முடியாத கெட்டி மணியா நின்னுடுச்சு. அது பாலியஸ்டர். ஊடை நூல் சட்டுனு பத்திக்கிட்டு காகிதம் எரியற வாசனையோட சாம்பலாச்சு. அது விஸ்கோஸ், மரக்கூழ்ல செய்யற இழை. பட்டு எரிஞ்சா வர்ற முடி கருகற வாசனை ரெண்டுலயும் இல்ல.

அப்போ வீடியோவுல எரிஞ்சது என்ன? குஞ்சம்! ஒழுங்கா நெய்த ஸ்டோல்ல பாவு நூலோட நுனியையே முறுக்கிக் குஞ்சமா விடுவாங்க. இதுல அசல் பட்டு நூலைத் தனியா வாங்கி ஓரத்துல முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்காங்க. அதுல இருந்து உருவினா எப்ப கொளுத்தினாலும் பட்டுதான் எரியும். திட்டம் போட்டுச் செஞ்ச வேலை இது.

ஸ்கார்ஃப் கதை வேற. அது நிஜப் பட்டுதான், ஆனா எடையில அடிச்சுட்டாங்க. "14 மோமி"ன்னு போட்டிருந்தது. மோமிங்கறது பட்டுத் துணியோட எடை அளவு, ஒரு மோமின்னா சதுர மீட்டருக்கு சுமார் 4.34 கிராம். 90க்கு 90 செ.மீ. துணி 0.81 சதுர மீட்டர். கணக்குப்படி 49 கிராம் வரணும், ஓரம் சுருட்டித் தைச்சதைச் சேர்த்தா அதுக்கும் மேல. சமையலறை டிஜிட்டல் தராசுல வச்சா 31 கிராம். அதாவது 9 மோமி கூட இல்ல. ட்வில்லுக்கு இது ரொம்ப மெலிசு. முடிச்சுப் போட்டா நிக்காம நழுவும், மடிப்புல சீக்கிரம் நைஞ்சு போகும்.

கேட்டதுக்கு வந்த பதில்கள்: முதல்ல "கைத்தறின்னா அப்படித்தான் இருக்கும்". போட்டோ அனுப்பினதும் "நூல் உருவிட்டீங்க, டேமேஜ் பீஸ், ரிட்டர்ன் கிடையாது". எடை கணக்கைக் காட்டினா "டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்". அப்புறம் 7 நாள் ரிட்டர்ன் கெடு முடிஞ்ச மறுநாள் காலையிலேயே "டைம் முடிஞ்சிருச்சு". இப்போ ப்ளூ டிக் மட்டும் விழுது. 7,800 ரூபாயைக் கையில வச்சுக்கிட்டுப் பேசற தைரியம்!

பட்டு வகைகள் எல்லாத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொண்ணையும் எப்படித் துவைக்கறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இவ்வளவு:

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. அட்டையை வெட்டாதீங்க. முதல்ல எடை போடுங்க, அதுக்கு நூல் உருவ வேண்டாம். எடை சரியா இருந்தா மட்டும் உள்பக்க ஓரத்துல நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு நூல் எடுத்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல பிடிச்சுக் கொளுத்துங்க. குஞ்சத்தைத் தொடவே வேண்டாம். மோதிரத்துக்குள்ள நுழைச்சுக் காட்டறதை நம்பாதீங்க, பாலியஸ்டர் ஷிஃபானும் நுழையும். "சாட்டின்"ங்கறது நெசவோட பேரு, பட்டுன்னு அர்த்தம் இல்ல; "ஆர்ட் சில்க்"னா செயற்கை இழை. சில்க் மார்க் அட்டை கைக்கு வந்த துணியில இருக்கணும், அதோட எண்ணைச் சரிபாருங்க. போட்டோவுல இருந்தா பத்தாது.

நல்ல பட்டு கையில இருந்தா: குளிர்ந்த தண்ணி, பட்டுக்குன்னே விக்கிற மென்மையான லிக்விட். துணி சோடாவும் என்சைம் போட்ட சோப்புத்தூளும் பட்டோட புரதத்தையே அரிச்சுடும், குளோரின் ப்ளீச் கரைச்சே விட்டுடும். பிழியாம துண்டுல சுருட்டி அழுத்துங்க, நிழல்ல காயப் போடுங்க, கொஞ்சம் ஈரம் இருக்கும்போது உள்பக்கமா குறைஞ்ச சூட்டுல இஸ்திரி. டஸ்ஸர்ல தண்ணிச் சொட்டு கறையா நிக்கும், அதனால முதல் தடவை ட்ரை க்ளீன்தான். சென்டை உடம்புல அடிச்சு, அது காஞ்சப்புறம் பட்டைப் போடுங்க.

1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தாச்சு. 2020 மின்வணிக விதிப்படி கடையோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகாரைப் பெற்றதா ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். இவங்க பக்கத்துல அந்த அதிகாரி பேரே இல்ல. அந்த வீடியோ மட்டும் இன்னும் அங்க ஓடிட்டிருக்கு. நூலை எங்க இருந்து உருவறாங்கன்னு உத்துப் பாருங்க.