டிஸ்க்கா, டவுன்லோடா? திருகோணமலையில் இருந்து ஒரு கணக்கு

பிளேஸ்டேஷன் 5 கேம் கொன்சோல் வாங்கப் போகிறவருக்கு முதல் கேள்வியே, டிஸ்க் போடுவதை எடுப்பதா, டிஸ்க் போடும் பாகம் இல்லாமல் வரும் டிஜிட்டல் பதிப்பை எடுப்பதா என்பதுதான். டிஜிட்டல் பதிப்பு மலிவு. நான் டிஸ்க் போடுவதைத்தான் எடுத்தேன், புத்தகத்திலும் பெரும்பாலும் மின்னூலை விட அச்சுப் பக்கம்தான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விசயங்களைச் சட்டென்று சொல்லி முடிக்கலாம். டவுன்லோட் என்றால் அலுமாரி தேவையில்லை, நடுச்சாமத்திலும் வாங்கலாம். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கலாம், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உதவி. டிஸ்க் என்றால் கீறல் விழும், தொலையும். கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அங்கே டிஸ்க் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, ஸ்டீம் போன்ற ஒன்லைன் கடைகள்தான்.

எனக்கு முடிவைத் தந்தது ஒன்றே ஒன்று. வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா, விற்க முடியுமா?

பெரிய கம்பனியின் புது கேம் 70 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 21,000. (2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர், மே மாதம் 360-ஐத் தாண்டியதைப் பார்த்த நமக்கு இந்த 300-இலும் பெரிய நம்பிக்கை இல்லை.) டிஸ்க்காக வாங்கி, விளையாடி முடித்த கையோடு 15,000-க்குத் தள்ளிவிட்டால் என் செலவு 6,000. அந்தப் 15,000-க்கு இன்னொருவர் முடித்துவைத்த டிஸ்க் வீட்டுக்கு வரும். டவுன்லோடில் 21,000-உம் போனது போனதுதான். அவசரப்படாமல் ஒரு வருடம் பொறுத்து, தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

திருகோணமலையில் பழைய டிஸ்க்குக்கென்று பெரிய சந்தை ஒன்றும் இல்லை. உப்புவெளியில் ஒருவர், ஓர்ஸ்ஹில்லில் இருவர், கட்டாரில் இருந்து லீவில் வரும்போது நாலு டிஸ்க்கைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வரும் ஒரு அண்ணை. அவ்வளவுதான் வட்டம். "மச்சான், முடிச்சிட்டியா? தா, சனிக்கிழமை தாறன்" என்று ஒரு மெசேஜ் வரும், டிஸ்க் கைமாறும். வட்டத்துக்குள் வாங்க ஆளில்லாவிட்டால் கொழும்பில் ஒருவரைப் பிடித்து பஸ்ஸில் பார்சல் போடலாம். ஸ்டீம் கணக்கை இப்படிக் கொடுக்க முடியாது, அவர்களின் ஒப்பந்தத்திலேயே கணக்கை மற்றவர் பெயருக்கு மாற்றக்கூடாது என்று இருக்கிறது.

இதில் நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. டவுன்லோட் கேம் விற்கும் பிளேஸ்டேஷன் ஸ்டோரின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பலர் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டைத் தேடி வாங்கிக் காசு ஏற்றுகிறார்கள். நடக்கிறதுதான், ஆனால் நாளைக்குக் கணக்கு முடங்கினால் எந்த முகத்தோடு போய் முறையிடுவது? அப்படியான ஒன்றுக்குள் லட்ச ரூபாய்க்கு கேம் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

கணக்கு ஒழுங்காக இருந்தாலும் கையில் கிடைப்பது உரிமம் மட்டும்தான். 2009-இல் அமேசான், விற்றவருக்கு உரிமையில்லாத பதிப்பு என்று சொல்லி, ஜோர்ஜ் ஓர்வெலின் '1984'-ஐ வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் இருந்தே அழித்தது. 2019-இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்களும் கூடவே போயின. இரண்டிலும் காசு திரும்பியது. புத்தகத்தைத் திருப்பித்தர அமேசான் சில மாதம் கழித்து முன்வந்தது, மைக்ரோசொஃப்டில் அதுவும் இல்லை. 2025 தொடக்கத்தில் இருந்து கலிபோர்னியாவில், விற்பது உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

டிஸ்க்கும் எல்லா நேரமும் காப்பாற்றாது. கம்பனியின் சேர்வரோடு இணையாமல் ஓடாத 'த குரூ' என்ற கார் ஓட்டும் கேமின் சேர்வரை, அதை வெளியிட்ட யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அதோடு சரி. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கொன்சோலுக்கு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சில கார்டுகளுக்குள் கேமே இல்லை, கார்டைப் போட்டுவிட்டு டவுன்லோட் செய்ய வேண்டும். அதையும் கைமாற்றலாம் என்பதால் நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் அதை வாங்கிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

அடுத்தது பராமரிப்பு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில் உப்புக்காற்று இரும்பையே தின்னும். டிஸ்க்கை விடக் கொன்சோலுக்குத்தான் அதனால் பயம் அதிகம், அதை எந்தப் பதிப்பு எடுத்தாலும் தப்ப முடியாது. பாவம் புத்தகங்கள்தான். மாரி தொடங்கினால் அட்டை வளையும், பக்கங்களில் பூஞ்சணம் பிடிக்கும், சுவரோடு ஒட்டிய அலுமாரி என்றால் கறையான் வேறு. நான் அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, மழை விட்ட நாளில் கதவைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுவேன். சிலிக்கா பைகள் கொஞ்சம் உதவுகின்றன. பத்து வருடம் கழித்து என்ன நிலை என்று இப்போதே சொல்லமாட்டேன்.

அதைவிடப் பெரிய எதிர்வாதமும் இங்கேதான் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும், 2004 சுனாமியில் இந்தக் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் நமக்குத் தெரியும். இடம்பெயர்ந்து போகும்போது புத்தகத்தை யார் தூக்கினார்கள்? ஆனால் அதற்குப் பரிகாரம் கிண்டில் உரிமம் இல்லை. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் பூட்டில்லாத பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. இறக்கிப் பென்டிரைவில் போட்டு நாலு பேருக்குக் கொடுக்கலாம். சில நூறு பிரதிகளோடு நின்றுபோன நம்மூர் நூல்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இந்தியப் புத்தகத்தில்தான் கை இழுக்கிறது. இந்திய விலையை நாலாலோ அதற்கு மேலோ பெருக்கி இங்கே விற்கும்போது, கிண்டில் விலை ஆசைகாட்டும். ஒருமுறை வாசித்தால் போதும் என்று தோன்றுவதைக் கிண்டிலில் எடுக்கிறேன், இரவல் கேட்டு ஆள் வரும் என்று தெரிந்ததை அச்சில்.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். இவை புளூரே வகை டிஸ்க்குகள், அதன் மேற்பூச்சு டிவிடியை விட உறுதி என்பதால் மெல்லிய கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். அப்புறம், டிஸ்க் எந்த நாட்டுக்கானது என்று பெட்டியில் பாருங்கள். எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், ஆனால் கேமுக்கான மேலதிகப் பகுதிகளை உங்கள் கணக்கில் வாங்கும்போது நாடு பொருந்தாவிட்டால் அவை வேலை செய்யாது. வளைகுடாவில் இருந்து வரும் டிஸ்க்கோடு அமெரிக்கக் கணக்கை வைத்திருக்கிறவர்கள் காசு கொடுக்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.